ஆட்டத்தைக் கணிப்பதும் ஆட்டக்காரனைக் கணிப்பதும்

ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸில் 2024 நவம்பர் 30 அன்று மிச்சிகன் பல்கலைக்கழக அணியும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியும் மோதின. நூறாண்டுக்கு மேலான பகை. ஒஹாயோ ஸ்டேட் அந்தப் பருவத்தில் பத்து ஆட்டங்களை ஜெயித்து, ஒன்றில் மட்டும் தோற்று, தேசியத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தது. மிச்சிகனுக்கு ஆறு வெற்றி, ஐந்து தோல்வி. ஒஹாயோ ஸ்டேட் ஏறத்தாழ 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்றது பந்தயச் சந்தை. ஆட்டம் முடிய 45 விநாடி இருந்தபோது மிச்சிகன் ஒரு ஃபீல்ட் கோல் உதைத்து 13-10 என்று ஜெயித்துவிட்டது. அதோடு கதை முடியவில்லை. தோற்ற அணி ஏழு வாரம் கழித்து, 2025 ஜனவரி 20 அன்று, நோட்டர் டேம் அணியை 34-23 என்று வீழ்த்தித் தேசியப் பட்டத்தைத் தட்டிச் சென்றது.

அப்படியானால் அந்த 20 புள்ளிக் கணிப்பு தவறா? ஒஹாயோ ஸ்டேட்தான் வலுவான அணி என்பது பின்னால் நிரூபணமாயிற்று. அன்றைய தினம் மட்டும் கணக்கு கவிழ்ந்தது. கல்லூரி ஃபுட்பாலைக் கணிப்பது பற்றிய எல்லா விவாதங்களும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. ஒரு கணிப்பு சரியா தவறா என்று ஓர் ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. பந்தயம் கட்டியவனுடைய பணமோ ஓர் ஆட்டத்திலேயே போய்விடுகிறது.

நான் சொல்வது நாம் ஆடும் கால்பந்தை அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு, தலைக்கவசமும் தோள்காப்புமாக ஆளோடு ஆள் மோதும் அமெரிக்க ஆட்டம் இது. எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1. தொலைவிலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைப்பது ஃபீல்ட் கோல், 3 புள்ளி. ஆகவே ஆட்டங்கள் 3, 7 என்ற வித்தியாசங்களில் அதிகம் முடிகின்றன. பந்தயக்காரர்கள் அரைப் புள்ளிக்கு அடித்துக்கொள்வதும் இதனால்தான். ‘மூன்று கொடுப்பது’ ஒரு விலை, ‘மூன்றரை கொடுப்பது’ முற்றிலும் வேறொரு விலை.

இந்தப் புள்ளி கொடுக்கும் முறைக்கு ஸ்பிரெட் என்று பெயர். 1940களில் சிகாகோவில் இதை நிலைநிறுத்தியவர் என்று சார்லஸ் மெக்னீல் என்ற முன்னாள் கணித ஆசிரியரைச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் யார் ஜெயிப்பார் என்பதற்கு மட்டுமே பந்தயம். பெரிய அணி சின்ன அணியை மிதிக்கும் ஆட்டத்தில் யார் பணம் கட்டுவார்? கல்லூரி ஃபுட்பாலில் அப்படிப்பட்ட ஆட்டங்கள்தான் அதிகம். வலுவான அணி 20 புள்ளிக்கு மேல் ஜெயித்தால்தான் ‘கவர்’, அதற்குக் குறைவாக ஜெயித்தாலோ தோற்றாலோ எதிர்ப்பக்கம் கட்டியவனுக்குப் பணம் என்று வைத்தவுடன், ஒருதலை ஆட்டமும் இருதலை ஆட்டமாகிவிட்டது. கடைசி நிமிடத்தில் 24-0 என்று முன்னிலையில் இருக்கும் அணி ஒரு டச்டவுன் வாங்கினால் அரங்கில் யாரும் கண்டுகொள்வதில்லை. நாடு முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் சிலர் மட்டும் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள்.

பந்தயப் பணத்தை வாங்கும் புக்கி தன் கூலியை எடுக்கும் விதம் எளிமையானது. 10 டாலர் ஜெயிக்க 11 டாலர் கட்ட வேண்டும். ஒருவர் நூறு ஆட்டங்களில் இப்படிக் கட்டி 52-ல் சரியாகச் சொல்கிறார் என்று வையுங்கள். வரவு 520 டாலர். தவறிய 48 ஆட்டங்களில் போனது 528. பாதிக்கு மேல் சரியாகச் சொன்ன மனிதர் கையைவிட்டு 8 டாலர் போயிருக்கிறது. 53 சரியாக இருந்தால் 13 டாலர் லாபம். கரையேறும் இடம் 52.38 விழுக்காடு. இந்தத் தொழிலில் வாழ்வும் சாவும் இந்த இரண்டரை விழுக்காட்டுக்குள்தான்.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாமல் காசு சுண்டியே நூறு ஆட்டங்களுக்குப் பக்கம் தேர்ந்தெடுப்பவர்களில், பத்துக்கு மூன்று பேர் 53 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு பருவம் முழுக்க லாபம் காட்டிய ‘நிபுணர்’ என்று விளம்பரம் செய்து சந்தா வாங்குகிறவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் பேர் கணிப்பு விற்றால் அதில் முந்நூறு பேரின் கடந்த ஆண்டுக் கணக்கு உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு இல்லை.

ஸ்பிரெட் எவ்வளவு துல்லியமானது என்பதை முறையாக ஆராய்ந்தவர்களில் புள்ளியியலாளர் ஹால் ஸ்டெர்ன் முக்கியமானவர். தொழில்முறை என்.எஃப்.எல். ஆட்டங்களை எடுத்துக்கொண்டு அவர் 1991-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. ஆட்டத்தின் உண்மையான வித்தியாசம் ஸ்பிரெட்டைச் சுற்றி மணி வடிவ வளைவாகவே பரவுகிறது, அதன் திட்டவிலக்கம் 14 புள்ளிக்குச் சற்றுக் குறைவு என்று அதில் காட்டினார். கல்லூரி ஆட்டங்களில் பரவல் இன்னும் அகலம், 16 புள்ளியை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால் 20 புள்ளி பின்தங்கிய அணி நேரடியாகவே ஜெயிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. கொலம்பஸில் நடந்தது அதிசயம் அல்ல, பத்தில் ஒன்றாக வரும் நாள். கல்லூரி பருவத்தில் ஒரு சனிக்கிழமைக்கு ஐம்பது அறுபது ஆட்டங்கள் நடக்கின்றன. பத்தில் ஒன்று அடிக்கடி வந்துகொண்டேதான் இருக்கும்.

அதைவிட அரிதான நாள்களும் உண்டு. 2007 அக்டோபரில் 41 புள்ளி பின்தங்கிய ஸ்டான்ஃபோர்டு, தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தை 24-23 என்று அதன் சொந்த மண்ணில் வீழ்த்தியது. 2017 செப்டம்பர் 2 அன்று வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகம் நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகஸ் அணியை 43-40 என்று வென்றது. ஹோவர்டு ஒரு படி கீழான பிரிவில் ஆடும், கறுப்பின மாணவர்களுக்கென்று தோன்றிய பழைய பல்கலைக்கழகம். அதற்கு 45 புள்ளி கொடுக்கப்பட்டிருந்தது. கல்லூரி ஃபுட்பாலில் ஸ்பிரெட்டின் அளவில் இதுவே மிகப் பெரிய கவிழ்ப்பு. நடந்த ஊர் லாஸ் வேகஸ் என்பதுதான் வேடிக்கை. அமெரிக்கப் பந்தயத்தின் தலைநகரிலேயே, தங்கள் ஊர் அணியைப் பற்றியே, புக்கிகள் அவ்வளவு தூரம் தவறினார்கள். ஹோவர்டோ, சுலபமாக ஒரு வெற்றி கிடைக்கட்டும் என்று பணம் கொடுத்து அழைத்த விருந்தாளி அணி.

இதற்கெல்லாம் மேலாகப் பேசப்படும் கவிழ்ப்பு 2007 செப்டம்பர் 1 அன்று நடந்தது. ஐந்தாம் தரவரிசையில் இருந்த மிச்சிகனை அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற கீழ்ப்பிரிவு அணி 34-32 என்று தோற்கடித்தது. அந்த ஆட்டத்துக்குப் பெரும்பாலான வேகஸ் கடைகள் ஸ்பிரெட்டே போடவில்லை. கீழ்ப்பிரிவு அணியோடு ஆடும் ஆட்டத்துக்கு விலை போடுவது வீண் என்பது அன்றைய வழக்கம்.

கல்லூரி ஃபுட்பாலில் சந்தை இப்படித் தடுமாறக் காரணங்கள் உண்டு. என்.எஃப்.எல்.லில் 32 அணிகள், ஒவ்வொன்றும் 17 ஆட்டங்கள் ஆடுகின்றன. கல்லூரி மேல்பிரிவில் 2024-ல் 134 அணிகள், வழக்கமான பருவத்தில் அணிக்கு 12 ஆட்டங்கள். அந்தப் பன்னிரண்டில் மூன்று நான்கு ஆட்டங்கள் எதற்கும் உதவாத ஒருதலை மோதல்கள். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஆடுகிறவர்கள் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன்கள். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அணி முழுக்கவே மாறிவிடும். 2021 முதல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிய வீரர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை என்றானதும் அந்த மாற்றம் ஆண்டுதோறும் நிகழத் தொடங்கிவிட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் ஓர் அணியைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெயரில் போன வருடம் ஆடிய வேறு பையன்களைப் பற்றித்தான்.

இந்த இருட்டில் கணக்கால் வழி கண்டுபிடிக்க முயன்றவர்கள் பலர். சதுரங்கத்துக்காக ஆர்பாட் ஈலோ வகுத்த தரமதிப்பீட்டு முறையை ஃபுட்பாலுக்கு மாற்றினார்கள். ஜெஃப் சாகரின் தன் மதிப்பீடுகளை 1985 முதல் யூ.எஸ்.ஏ. டுடே நாளிதழில் வெளியிட்டார். 1998-லிருந்து 2013 வரை தேசியப் பட்ட ஆட்டத்துக்கு அணிகளைத் தேர்ந்தெடுத்த பி.சி.எஸ். முறையில் கணினித் தரவரிசைகளுக்கும் பங்கு இருந்தது. ஆனால் 2002-ல் ஒரு விசித்திரமான உத்தரவு வந்தது. வெற்றி வித்தியாசத்தைக் கணினிகள் கணக்கில் எடுக்கக் கூடாது! பெரிய அணிகள் சின்ன அணிகளைத் தேவைக்கு மேல் நசுக்குவதைத் தடுப்பதுதான் நோக்கம். நல்லெண்ணம்தான். ஆனால் எதிர்காலத்தைக் கணிக்க மிகவும் உதவும் ஒரே எண்ணை அகற்றிவிட்டார்கள். யார் பட்டத்துக்குத் தகுதியானவர் என்பதும் அடுத்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்பதும் ஒரே கேள்வி அல்ல. கல்லூரி ஃபுட்பால் நிர்வாகம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டே வந்திருக்கிறது.

இன்றைய மாதிரிகளில் பில் கானலியின் எஸ்.பி. பிளஸ் பரவலாக மதிக்கப்படுவது. இறுதிப் புள்ளிகளோடு நிற்காமல் ஒவ்வொரு நகர்வாக எடைபோடுவது அதன் வழி. முதல் முயற்சியில் தேவையான தூரத்தில் பாதியும், இரண்டாவதில் 70 விழுக்காடும், மூன்றாவது நான்காவது முயற்சிகளில் முழுத் தூரமும் கடந்தால் அந்த நகர்வு வெற்றி. ஆட்டம் கையைவிட்டுப் போனபின் நடந்தவற்றைக் கழித்துவிடுவார்கள். நழுவி விழுந்த பந்து யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதில் பெரும்பகுதி குருட்டு அதிர்ஷ்டம் என்பதால் அதற்கும் எடை குறைவு. பருவம் தொடங்குமுன் மூன்றைப் பார்க்கிறார்கள்: போன வருட ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் திரும்புகிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களின் தரம் என்ன, கடந்த சில ஆண்டுகளின் வரலாறு என்ன. இந்த மாதிரிகள் மூளையுள்ளவை, சுவையானவையும்கூட. ஆயினும் ஆண்டுக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்தால் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நிற்கும் ஸ்பிரெட்டைத் தொடர்ந்து மிஞ்சும் பொது மாதிரி இல்லை. மிஞ்சினால் அதைக் கண்டவர்கள் அதன்படிக் கட்டி, ஸ்பிரெட்டையே நகர்த்திவிடுவார்கள். வெளியிடப்பட்ட அறிவு எல்லாம் அந்த எண்ணுக்குள் கரைந்துபோகிறது.

விதிகள் மாறும்போது சிறிது காலத்துக்குச் சந்தை தடுமாறும். 2023-ல், தேவையான தூரத்தைக் கடந்து முதல் டவுன் பெற்றதும் கடிகாரத்தை நிறுத்தும் பழைய வழக்கத்தை, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர, எடுத்துவிட்டார்கள். ஆட்டத்தில் நகர்வுகள் குறைந்தன. மொத்தப் புள்ளிக் கணக்கில் பந்தயம் கட்டுவோர் தங்கள் எண்களை மறுபடி போட வேண்டியதாயிற்று. கூடுதல் நேரம் இன்னொரு தலைவலி. 2018 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்டு எம், லூயிசியானா ஸ்டேட் அணிகள் வழக்கமான நேரத்தில் 31-31 என்று சமனாகி, ஏழு கூடுதல் நேரங்கள் ஆடி, 74-72-ல் முடித்தன. 62-ல் நின்றிருக்க வேண்டிய மொத்தம் 146 ஆனது. எந்த மாதிரி இதைச் சொல்லும்?

கணக்கால் புக்கிகளை உண்மையிலேயே வென்றவர்களும் இருந்தார்கள். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த மைக்கேல் கென்ட் என்ற கணிதர், தன் அலுவலக சாஃப்ட்பால் அணியை மதிப்பிட எழுதிய நிரலைக் கல்லூரி ஃபுட்பாலுக்கு விரித்தார். 1970களின் கடைசியில் வேலையை விட்டு வேகஸ் போனார். அவரைச் சுற்றி உருவான கூட்டத்துக்குக் கம்ப்யூட்டர் குரூப் என்று பெயர். எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் நிர்வாகம், பில்லி வால்டர்ஸ் என்ற சூதாடி பணம் கட்டும் பிரிவு. எண் ஒருவர் மூளையில் இருந்தது, அதைப் பணமாக்க ஊரெல்லாம் ஆள் வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் கட்டினால் ஸ்பிரெட் உடனே நகர்ந்துவிடும். புக்கி வலைப்பின்னல் என்று சந்தேகித்து 1985 ஜனவரியில் எஃப்.பி.ஐ. பல ஊர்களில் சோதனை போட்டது. குற்றப்பத்திரிகை 1990-ல் வந்தது, வால்டர்ஸும் மற்றவர்களும் 1992-ல் விடுதலையானார்கள். அவர்கள் புக்கிகள் அல்ல, நன்றாகப் பந்தயம் கட்டத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலம் இனி வராது. கணினி வசதி எல்லோரிடமும் வந்துவிட்டது ஒரு காரணம். வியாபாரத்தின் அமைப்பே மாறிவிட்டது இன்னொரு காரணம். இரு பக்கமும் சமமாகப் பணம் வாங்கி நடுவில் கமிஷன் எடுப்பவன்தான் புக்கி என்று பலரும் நம்புகிறார்கள். பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2004-ல் இதை மறுத்தார். மக்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று புக்கிக்குத் தெரியும், அந்தச் சாய்வுக்கு ஏற்ப எண்ணைத் திருகி, தானும் ஒரு பக்கம் நின்று லாபம் பார்க்கிறான் என்பது அவர் வாதம். இப்போதைய செயலி நிறுவனங்கள் ஒருபடி மேலே போய்விட்டன. தொடர்ந்து ஜெயிக்கிறவனை அடையாளம் கண்டு அவன் கட்டக்கூடிய தொகையைச் சில டாலராகச் சுருக்கிவிடுகின்றன. தோற்கிறவனுக்குச் சலுகை அட்டை, ஜெயிக்கிறவனுக்குக் கதவடைப்பு. மாசசூசெட்ஸ் சூதாட்ட ஆணையம் இதைப் பற்றி 2024-ல் விசாரிக்கத் தொடங்கியது. திறமை வெல்லும் போட்டி என்று விளம்பரம் செய்துவிட்டுத் திறமையுள்ளவனை வெளியேற்றுவதை வேறு எந்தத் தொழிலில் அனுமதிப்பார்கள் என்று தெரியவில்லை.

பெருலாபம் வருவது பார்லே என்ற தொடர் பந்தயத்தில். நான்கு ஆட்டங்களையும் சரியாகச் சொன்னால்தான் பணம். நான்கும் சரியாக வரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. நியாயமாக ஒரு டாலருக்கு 16 டாலர் திரும்ப வேண்டும், கிடைப்பது 13 டாலரும் சில்லறையும். ஓர் ஆட்டத்தில் நாலரை விழுக்காடாக இருந்த கமிஷன் இங்கே 17 ஆகிவிடுகிறது. அமெரிக்கச் சூதாட்டச் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் சட்டப்படியான விளையாட்டுப் பந்தயத்தில் கட்டப்பட்டது ஏறத்தாழ 12,000 கோடி டாலர், நிறுவனங்கள் கையில் தங்கியது ஏறத்தாழ 1,100 கோடி. நூற்றுக்கு ஒன்பது. வெறும் ஸ்பிரெட்டில் மட்டும் இந்த அளவு தங்காது. தொலைக்காட்சியிலும் செயலியிலும் பார்லே விளம்பரம் ஏன் அத்தனை சத்தமாக இருக்கிறது என்பதற்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது. ஐபிஎல் மாதங்களில் செல்பேசியில் வந்து விழுந்த விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மொழி அந்நியமாக இருக்காது.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெவாடா 1949-லேயே விளையாட்டுப் பந்தயத்தை அனுமதித்தது. 1992-ல் மத்தியச் சட்டம் ஒன்று, ஏற்கெனவே அனுமதித்திருந்த ஒருசில மாநிலங்களைத் தவிர மற்றவற்றின் கையைக் கட்டியது. நியூ ஜெர்சி எதிர்த்து வழக்காடியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே 14 அன்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. வழக்கில் எதிர்த்தரப்பில் பெயர் இருந்தது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கத்துக்கே. அதன்பின் ஆறு ஆண்டுகளுக்குள் 38 மாநிலங்கள் வரை கதவைத் திறந்துவிட்டன. ஃபுட்பால் வெறி உச்சத்தில் இருக்கும் அலபாமாவும் டெக்சாஸும் திறக்கவில்லை. கலிஃபோர்னிய வாக்காளர்கள் 2022-ல் இரண்டு முன்மொழிவுகளை நிராகரித்தார்கள். நியூ ஜெர்சியில் ஒரு வினோதம்: மாநிலத்துக்குள் இருக்கும் கல்லூரி அணிகள் மீது மட்டும் பந்தயம் கட்ட முடியாது. அதைத் தளர்த்தலாமா என்று 2021-ல் கேட்டபோது மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். வழக்காடி வென்ற மாநிலத்து மக்களே தங்கள் பிள்ளைகள் மேல் பந்தயம் வேண்டாம் என்றதை நான் இந்த வரலாற்றின் முக்கியமான வாக்கெடுப்பாகக் கருதுகிறேன்.

பல்கலைக்கழகங்களுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. கொலராடோ பல்கலைக்கழகம் 2020-லும், லூயிசியானா ஸ்டேட் 2021-லும், மிச்சிகன் ஸ்டேட் 2022-லும் பந்தய நிறுவனங்களோடு விளம்பர ஒப்பந்தம் போட்டன. நாளிதழ் விசாரணைகளில் விஷயம் நாறிய பிறகு, 2023-ல் தொழில்துறைச் சங்கமே கல்லூரிகளோடு இனி இத்தகைய ஒப்பந்தம் வேண்டாம் என்று தன் நெறிமுறையை மாற்றியது. வேலியே பயிரை மேயப் போனபோது தடுத்தது ஆடு. அதே ஆண்டு என்.சி.ஏ.ஏ. எடுத்த கருத்துக்கணிப்பில் 18 முதல் 22 வயது வரையுள்ளவர்களில் 58 விழுக்காட்டினர் ஏதோ ஒரு விதத்தில் விளையாட்டுப் பந்தயத்தில் ஈடுபட்டதாகச் சொன்னார்கள். வளாக விடுதிகளில் தங்கியிருப்போரிடையே அது 67.

இத்தனை பணம் பதினெட்டு வயதுப் பையன்களின் கால்களில் கட்டப்பட்டால் ஊழல் வராமலிருக்குமா? வந்திருக்கிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஓட்டக்காரர் ஒருவர் 1994-ல் ஐயோவாவுக்கு எதிராக எல்லைக்கோட்டருகே வேண்டுமென்றே பந்தை நழுவவிட்டார். அவர் அதற்காக வைத்திருந்த பந்தயம் 400 டாலர். பாஸ்டன் கல்லூரியில் 1996-ல் 13 வீரர்கள் பந்தயம் கட்டியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் இருவர் தங்கள் அணி தோற்கும் என்றே கட்டியிருந்தார்கள். ஸ்பிரெட்டுக்கு ஒரு கேடான குணம் உண்டு. ஆட்டத்தைத் தோற்கச் சொல்லி ஒரு வீரனைக் கேட்க வேண்டியதில்லை. ‘ஜெயித்துக்கொள், ஆனால் பதினான்குக்குக் கீழே ஜெயி’ என்றால் போதும். மனசாட்சிக்கு அது எவ்வளவு எளிதான வேண்டுகோள்!

வீரர்களுக்கு இப்போது பணம் வருகிறதே, இனி எதற்குத் தவறு செய்வார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். 2025-ல் நீதிமன்றம் ஏற்ற சமரசப்படி ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை நேரடியாகவே வீரர்களுக்குப் பங்கிடலாம். வாதத்தில் நியாயம் பாதிதான். பெரும்பங்கு, அணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குப் போகிறது. பந்தயக்காரன் தேடிப் போகும் ஆள் அவரல்ல. சின்னப் பல்கலைக்கழகத்தில், தொலைக்காட்சி எட்டிப்பார்க்காத ஆட்டத்தில், தடுப்பு வரிசையில் நிற்கும் பெயர் தெரியாத பையன்தான்.

அவனிடம் விலைபோகும் பொருள் ஆட்டம் மட்டுமல்ல, தகவலும்தான். மேலே சொன்னபடி வெளியே தெரிந்த அறிவு எல்லாம் ஸ்பிரெட்டுக்குள் போய்விட்டது. மீதம் இருப்பது வெளியே தெரியாதது: குவார்ட்டர்பேக்கின் தோள்வலி, விடுதியில் பரவும் காய்ச்சல், வேறு கல்லூரிக்குப் போக முடிவெடுத்துவிட்டவனின் மனம். ஃப்ளோரிடா ஸ்டேட் 2023-ல் தோல்வியே இல்லாமல் 13 ஆட்டங்களை ஜெயித்தும், அதன் குவார்ட்டர்பேக் நவம்பரில் கால் ஒடிந்து விழுந்ததைச் சுட்டிக்காட்டித் தேர்வுக் குழு அதைப் பட்டச் சுற்றில் சேர்க்கவில்லை. தகுதி பார்க்க வேண்டிய குழுவே புக்கியைப் போல யோசித்தது என்று அன்று திட்டியவர்கள் ஏராளம். மனமுடைந்த அணியில் வீரர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்கள் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள். அந்தப் பருவத்தின் புள்ளிவிவரங்கள் அனைத்தையும் கரைத்துக் குடித்திருந்தாலும் அந்த ஆட்டத்தைக் கணித்திருக்க முடியாது. யார் ஊருக்குப் பையைக் கட்டிவிட்டார்கள் என்பது தெரிந்தால் போதும்.

ஆகவே இன்று கணிப்பின் எல்லை கணிதத்தில் இல்லை, மாணவர்களின் உடலிலும் மனத்திலும் இருக்கிறது. கணிப்பைக் கொஞ்சம் கூர்மையாக்க வேண்டும் என்றால் அவர்களை இன்னும் நெருக்கமாக வேவு பார்க்க வேண்டும். விளையாட்டுச் சங்கங்கள் இதற்குக் கண்ட மருந்து பாதித் தகவலைத் தாங்களே வெளியிடுவது. பிக் டென் கூட்டமைப்பு 2023 முதலும், தென்கிழக்குக் கூட்டமைப்பு 2024 முதலும், யார் ஆடுவார் யார் ஆடமாட்டார் என்ற பட்டியலை ஆட்டத்துக்கு முன் வெளியிடுகின்றன. காயத்தின் விவரம் இருக்காது. ‘ஆடமாட்டார்’, ‘சந்தேகம்’ என்ற அளவில் நிற்கும். திருட்டுத்தனமாக விற்கத் தகவலே மிச்சமில்லாமல் செய்துவிடலாம் என்பது கணக்கு. மாணவரின் மருத்துவ ரகசியம் பந்தயச் சந்தையின் வசதிக்காக அட்டவணை ஆகிறது என்பது எதிர்வாதம். இரண்டும் உண்மைதான். இப்போதைக்குப் பட்டியல் இருப்பதே மேல் என்பது என் எண்ணம். இல்லாவிட்டால் அந்தத் தகவலுக்கு வேறொரு கடையில் விலை வைப்பார்கள்.

இதைவிட அவசரமானது தனிநபர் பந்தயங்களை நிறுத்துவது. ‘இந்தப் பையன் 60 கெஜத்துக்கு மேல் ஓடுவானா’ என்பது போன்றவற்றைப் பிராப் என்கிறார்கள். இதில் கெடுக்க ஓர் ஆள் போதும், அதுவும் அவன் முதல் பாதியில் வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தால் போதும். தொழில்முறைக் கூடைப்பந்தில் 2024 ஏப்ரலில் ஜோன்டே போர்ட்டர் வாழ்நாள் தடை வாங்கியது இதே வழியில். ஊழல் ஒருபுறம் இருக்க, பணம் தோற்றவர்கள் அந்தப் பையனின் செல்பேசிக்கே வசையும் மிரட்டலும் அனுப்புகிறார்கள். என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர் 2024 மார்ச்சில் கல்லூரி வீரர்கள் மீதான பிராப் பந்தயங்களை எல்லா மாநிலங்களும் தடை செய்யக் கேட்டார். ஒஹாயோ, மேரிலாந்து, வெர்மான்ட், லூயிசியானா தடை செய்தன. பல மாநிலங்கள் வரி வருமானத்தை நினைத்துப் பேசாமல் இருக்கின்றன.

அதற்குள் ஆட்டக்களமே மாறிவிட்டது. கால்ஷி போன்ற கணிப்புச் சந்தைகள், ‘இந்த அணி ஜெயிக்கும்’ என்பதை ஓர் ஒப்பந்தமாக்கிப் பங்கு போல வாங்கி விற்க விடுகின்றன. அவை தங்களைச் சூதாட்டக் கடையாகக் கருதுவதில்லை. பண்டக வணிகத்தைக் கண்காணிக்கும் மத்திய ஆணையத்தின் கீழ் இயங்குவதால் மாநிலச் சூதாட்டச் சட்டங்கள் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதிடுகின்றன. பந்தயச் செயலிகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது ஆக வேண்டும், இங்கே 18 போதும். அலபாமாவிலும் டெக்சாஸிலும் புக்கிக்கு உரிமம் இல்லாவிட்டாலும் விடுதி அறையில் இருக்கும் முதலாண்டு மாணவன் சனிக்கிழமை ஆட்டத்தின் ஒப்பந்தத்தை வாங்க முடிகிறது, எதிர்க்கட்டிலில் தூங்குகிறவன் அந்த அணியின் மாற்று ஆட்டக்காரனாக இருந்தாலும்கூட. இது வணிகமா, பந்தயமா என்ற வழக்குகள் பல மாநில நீதிமன்றங்களிலும் மத்திய நீதிமன்றங்களிலும் நடந்துகொண்டிருக்கின்றன.